பழந்துணி கொடுக்கும் முன்

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது நமது பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து சூளூர்பேட்டை, தடா முதலிய ஊர்களும் அதனோடு வந்து சேர்ந்தன. மலையையும் கோயிலையும் சொல்லியே பழக்கப்பட்ட நமக்கு, இப்படியாகப் பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையும் வங்கக் கடலின் ஒரு துண்டும் சொந்தமாயின. கடற்கரை சொந்தமானால் புயலும் சொந்தமாகும் அல்லவா? 2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயல், பாபட்லா அருகே கரை கடப்பதற்கு முன் சென்னையையும் நம் மாவட்டத்தையும் மழையால் புரட்டிவிட்டுத்தான் போனது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2021 நவம்பரில், திருப்பதி நகரத் தெருக்களில் வெள்ளம் ஓடியதையும், ராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று சுற்றுக் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டதையும் நம்மில் பலர் நேரிலேயே பார்த்தோம்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? முதலில் இரக்கம் வருகிறது. அடுத்து பீரோவின் கதவு திறக்கிறது. மாப்பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட பேண்ட், சாயம் போன சேலை, பித்தான் இல்லாத சட்டை, பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் போட்ட சீருடை, எல்லாம் ஒரு போர்வையில் மூட்டையாகக் கட்டப்பட்டு வாசலுக்கு வருகின்றன. அன்று மாலை யாரோ ஒரு புண்ணியவான் வேன் ஏற்பாடு செய்கிறார். நமக்குப் பீரோவில் இடம் கிடைத்தது. மனத்துக்கும் நிம்மதி கிடைத்தது. மூட்டை எங்கே போயிற்று, யார் பிரித்தார்கள், உள்ளே இருந்ததை யார் உடுத்தினார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கேட்டவர்களுக்கு நாகப்பட்டினத்தில் ஒரு பதில் கிடைத்தது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவக் குப்பங்களில் ஒரு சாவு விழாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. நாடே பதறியது. அடுத்த சில நாட்களுக்குள் எல்லாத் திசைகளிலிருந்தும் லாரிகள் வந்து சேர்ந்தன. அரிசி வந்தது, பாய் வந்தது, பாத்திரம் வந்தது. எல்லாவற்றையும் விட அதிகமாகப் பழைய துணி வந்தது.

துணியை வாங்க ஆள் இல்லை. லாரி ஓட்டி வந்தவர்களுக்குத் திரும்பிப் போக அவசரம். முகாம்களின் வாசலிலும் சாலையோரத்திலும் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் போனார்கள். வெயிலிலும் பனியிலும் கிடந்து, மண்ணில் புரண்டு, வண்டிச் சக்கரத்தில் மிதிபட்டு, அந்தத் துணிகள் குப்பையாயின. அன்றைய பத்திரிகைகளில் அந்தப் படங்கள் வந்தன. துணி மலைகளை அப்புறப்படுத்தும் வேலை யார் தலையில் விழுந்தது? துப்புரவுத் தொழிலாளர்கள் தலையில். பிற ஊர் நகராட்சிகளிலிருந்து நாகைக்கு அழைத்து வரப்பட்டு, பிணங்களையும் இடிபாடுகளையும் அள்ளிக்கொண்டிருந்த அதே மனிதர்கள்தான் நம் நல்லெண்ணத்தையும் சேர்த்து அள்ளினார்கள்.

"எல்லாம் போன பிறகும் இவ்வளவு வீறாப்பா?" என்று அப்போது சிலர் கேட்டது உண்டு. கேட்டவர்களுக்குக் கடற்கரை வாழ்க்கை தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். மீனவர் கூலிக்குக் கையேந்தும் கூட்டம் அல்ல. கடலில் பாடு நன்றாக இருந்தால் ஒரே நாளில் கை நிறையக் காசு பார்ப்பவர்கள்; இல்லாத நாளில் கடன் வாங்கிச் சாப்பிடுபவர்கள்; ஆனால் இரப்பவர்கள் அல்ல. படகு கரை சேரும்போது வந்து நிற்கும் வயதானவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு கை மீன் அள்ளிக் கொடுத்துப் பழகியவர்கள். கொடுத்துப் பழகிய கை வாங்கும் நிலைக்கு வரும்போது, வாங்குகிற பொருள் எப்படிப்பட்டது என்பது முன்னைவிட அதிகமாகவே உறுத்தும். வீட்டில் சாவு விழுந்த பதினைந்தாம் நாள், முகம் தெரியாத ஒருவர் உடுத்திக் கழித்த, துவைக்காத சேலையைத் தெருவில் எறிந்து "எடுத்துக்கொள்" என்றால் யார் எடுப்பார்?

பழசு என்பது நம் வழக்கத்தில் இழிவான சொல் அல்ல. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, அந்த மெத்துமெத்தென்ற துணியில்தானே முதலில் சுற்றுகிறோம்? அக்காவின் பாவாடையைத் தங்கை உடுத்துவதும், அம்மாவின் பட்டுச்சேலை மகளிடம் வருவதும் உரிமையும் பாசமும் சேர்ந்த காரியங்கள். தூளி கட்டுவதற்கு அம்மாவின் பழைய நூல்சேலையை மிஞ்சிய துணி உண்டா? உறவுக்குள் பழசு பாசமாக இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் போகும்போது அதே பழசு அவமானமாக மாறிவிடக்கூடும். மாறாமல் இருக்க வேண்டுமானால், உறவுக்காரருக்குக் கொடுப்பதற்கு முன் நாம் தானாகவே செய்கிற சில காரியங்களை அந்நியருக்கும் செய்ய வேண்டும். துவைப்போம், மடிப்போம், பித்தான் தைப்போம், அளவு சரியாக இருக்குமா என்று நினைத்துப் பார்ப்போம். நாகைக்குப் போன மூட்டைகளில் பலவற்றுக்கு இந்த நான்கும் நடக்கவில்லை.

நாகையில் மட்டும் நடந்த கதை அல்ல இது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் பகுதியை நிலநடுக்கம் குலுக்கியபோதும் சாலையோரங்களில் பழந்துணி குவிந்தது. அதே சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரைக்குக் குளிர்நாட்டுக் கோட்டுகளும், குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்புகளும் வந்து இறங்கின. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து சேர்ந்ததாகவும், அதில் பெரும்பகுதியின் மேலட்டை உள்ளூர் மக்கள் படிக்க முடியாத மொழிகளில் இருந்ததாகவும் பின்னர் ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். நூற்றுக்கணக்கான டன்னை அழிக்க வேண்டியதாயிற்று, அழிப்பதற்கும் செலவு. தமிழகக் கரையில் புத்தம்புதிய பொருளிலும் இந்தக் குழப்பம் நடந்தது. ஆளுக்கொரு அமைப்பாகக் கண்ணாடியிழைப் படகுகளை வாங்கிக் கொடுத்ததில், சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான சிறு படகுகள் கடலில் இறங்கின. மீன் அதே அளவுதான் என்பதை நினைக்க அப்போது எவருக்கும் நேரமில்லை. பட்ட பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. 2018-இல் கேரள வெள்ளத்தின்போது பழந்துணி அனுப்ப வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

சரி, நாகைத் துணிகள் என்னவாயின? எல்லாமே குப்பைமேட்டுக்குப் போய்விடவில்லை என்பதுதான் இதில் நமக்குப் பயன்படும் பகுதி.

டெல்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தம் வீட்டிலிருந்த 67 துணிகளைக் கொண்டு 'கூஞ்ச்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். எதிரொலி என்பது அந்த இந்திச் சொல்லுக்குப் பொருள். நகரத்தில் மிஞ்சுவதைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. ஆனால் இலவசமாக வீசுவதில்லை. கிராமத்தார் கூடித் தங்கள் ஊருக்கு வேண்டிய ஒரு வேலையை, கிணறு தூர் எடுப்பதையோ பாதை போடுவதையோ, தாங்களே செய்து முடிக்க வேண்டும். அதற்கு ஊதியமாகத் துணியும் வீட்டுச் சாமானும் கிடைக்கும். வாங்குகிறவர் பிச்சை வாங்கவில்லை, சம்பாதிக்கிறார். 2015-இல் குப்தாவுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. இந்த அமைப்பினர் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரும் தொடாமல் கிடந்த துணிகளை லாரி லாரியாக எடுத்து, ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தார்கள். உடுத்தக்கூடியது ஒரு பக்கம், கிழித்துத் தைத்தால் பையாகவோ பாயாகவோ ஆகக்கூடியது ஒரு பக்கம், எதற்கும் ஆகாதது ஒரு பக்கம். எதற்கும் ஆகாத பருத்தித் துணி என்று ஒன்று அனேகமாக இல்லை என்பது அப்படிப் பிரித்தவர்கள் கண்டுகொண்ட செய்தி.

கிழிந்த பருத்தித் துணியிலிருந்து அவர்கள் செய்த முக்கியமான பொருள், மாதவிலக்கு நாட்களுக்கான துணிப்பட்டை. சங்கப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதாமல் இருந்ததால்தான் லாரி லாரியாகச் சேலை அனுப்பிய நாடு, முகாமில் இருக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதாமாதம் துணி வேண்டும் என்பதை மறந்துபோயிற்று என்று நான் நினைக்கிறேன். பழைய ரவிக்கைத் துணியில் துருப்பிடித்த கொக்கி இருந்தது தெரியாமல் பயன்படுத்திய ஒரு பெண் டெட்டனஸ் கண்டு இறந்ததைக் குப்தா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பட்டைகளைத் தைக்கும் இடத்தில் ஒவ்வொரு துணியையும் துவைத்துக் காயவைத்து, கொக்கி, பித்தான், ஊசி எதுவும் இல்லாமல் தடவிப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். டெரிகாட்டன், பாலியஸ்டர் துணிகள் இதற்கு ஆகா. அவை ஈரத்தை உறிஞ்சுவதில்லை.

புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் வேறொரு வகையான மறுபயன்பாடு நடந்தது. உபாசனா என்ற ஆடை நிறுவனத்தை நடத்தி வந்த உமா பிரஜாபதி, தையல் கூடங்களில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை மீனவப் பெண்களிடம் கொடுத்து, கட்டைவிரல் அளவுள்ள சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்யக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் 'சுனாமிகா' என்று பெயர். சுனாமியில் எல்லாம் இழந்து பேச்சற்று உட்கார்ந்திருந்த பெண்கள் கூடி உட்காரவும், கை வேலை செய்யவும், பேசவும் அது ஒரு காரணமாயிற்று. இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது. யார் கேட்டாலும் அன்பளிப்பாகத்தான் கொடுக்கப்படும். பெற்றவர்கள் விரும்பி அனுப்பிய நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்கு ஊதியம் போயிற்று. எத்தனையோ நாடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. சில வாரங்களுக்கு முன்வரை நிவாரணம் வாங்க வரிசையில் நின்ற பெண்கள், இப்போது உலகத்துக்குக் கொடுக்கிறவர்களானார்கள். குப்பைத்தொட்டிக்குப் போக இருந்த அரை விரற்கடைத் துணி செய்த காரியம் அது.

ஆக, துணி ஒன்றுதான். அது குப்பையா, பொருளா என்பதை நடுவில் இருக்கும் ஒரு வேலை தீர்மானிக்கிறது. அந்த வேலைக்குப் பெயர் தரம் பிரித்தல். வணிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேலை நாட்டார் கழித்துப்போடும் கம்பளி ஆடைகள் கப்பல் கப்பலாகக் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் வந்து இறங்கி, ஹரியானாவின் பானிப்பட்டுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் உட்கார்ந்து பித்தானையும் ஜிப்பையும் அறுத்து எடுத்து, ஆடைகளை நிறம் நிறமாகக் குவிக்கிறார்கள். சிவப்பு தனி, நீலம் தனி, பழுப்பு தனி. பிறகு இயந்திரத்தில் பிய்த்து, பஞ்சாக்கி, நூலாக்கி, போர்வையாக நெய்கிறார்கள். முன்பே நிறம் பிரித்துவிட்டதால் சாயம் போடும் செலவு மிச்சம். பேரிடர் காலங்களில் உலகமெங்கும் நிவாரண அமைப்புகள் கொடுக்கும் விலை மலிந்த போர்வைகளில் கணிசமான பகுதி இந்தப் பானிப்பட்டுச் சரக்குதான். ஐரோப்பாவில் ஒருவர் வேண்டாம் என்று கழற்றிய கோட்டு, பிரித்துப் பிய்த்து நெய்யப்பட்ட பிறகு, வேறொரு நாட்டில் வீடிழந்தவரின் தோளில் புதுப்போர்வையாகப் போய் விழுகிறது. கோட்டாகவே போயிருந்தால் சாலையோரத்தில் கிடந்திருக்கும்.

இவ்வளவு தூரம் போவானேன், நம் திருமலையிலேயே பார்க்கலாம். பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் தலைமுடியைத் தேவஸ்தானம் நீளம் நீளமாகப் பிரிக்கிறது. மிக நீளமானது முதல் ரகம். அதைவிட நீளம் குறைந்தது அடுத்த ரகம். இப்படி இறங்கிக்கொண்டே வந்து 5 அங்குலத்துக்கும் குறைவானது ஒரு ரகம். நரைமுடி தனி ரகம். பிரித்த பிறகுதான் ஏலம். பிரிக்காமல் விட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான் போக வேண்டும். உண்டியலில் விழும் கைக்கடிகாரங்களும் செல்பேசிகளும்கூட இப்படியே வகை பிரித்து ஏலத்துக்கு வருகின்றன. சுவாமிக்குச் சாற்றிக் களைந்த மலர்களிலிருந்து 2021 செப்டம்பர் முதல் ஏழு வகை ஊதுவத்திகள் தயாராகி விற்பனைக்கு வந்தன. ஏழுமலையானின் வீட்டிலேயே பழசுக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் நம் தெருக்களில் இன்னமும் அபூர்வமாக வருகிறார்கள். தலையில் கூடை, கூடையில் எவர்சில்வர் கிண்ணம். ஒரு சின்ன டபராவுக்கு நாலு சேலை கேட்கிறாளே என்று பேரம் பேசாத வீடு உண்டா? அவர் கையில் எடுத்துப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் தரம் பிரித்தல் என்றால் என்ன என்பது விளங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அக்குளில் கிழிசல் இருக்கிறதா, சேலையின் நடுவில் நைந்திருக்கிறதா, பேண்டின் ஜிப் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஏனென்றால் அதை அவர் துவைத்துத் தைத்து, சந்தையில் ஒருவரிடம் விற்றாக வேண்டும். காசு கொடுத்து வாங்கப்போகும் அந்த ஏழை தமக்குப் பிடித்த நிறத்தைத் தாமே தேர்ந்தெடுத்து வாங்குவார். என்னைக் கேட்டால், முகவரி தெரியாத வேனில் மூட்டையை ஏற்றுவதைவிட இந்த அம்மாளிடம் போடுவது மேல். ஒரு குடும்பம் பிழைக்கிறது, துணியும் உடுத்தப்படுகிறது. பேரத்தை மட்டும் சற்றே குறைத்துக்கொள்ளலாம்.

வருடத்தில் ஒருநாள் நாம் எல்லோருமே வீட்டை ஒழிக்கிறோம். போகிப் பண்டிகை நமக்கும் தெலுங்கு அண்டை வீட்டாருக்கும் பொது. அவர்கள் விறகும் வறட்டியும் வைத்துப் போகி மண்டலு மூட்டி, மாலையில் குழந்தைகள் தலையில் இலந்தைப்பழம் சொரிந்து கொண்டாடுகிறார்கள். நம்மவர்கள்தான் பழைய பாய், துடைப்பத்தோடு நிறுத்தாமல், டயரும் பாலியஸ்டர் சட்டையும் சேர்த்துக் கொளுத்தக் கற்றுக்கொண்டோம். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் கவிந்த புகைமூட்டத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போயிற்று. ஒழிப்பது நல்ல வழக்கம்தான். ஒழிக்கும் அந்த நாளையே பிரிக்கும் நாளாக வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் அவசரமாக மூட்டை கட்ட வேண்டிய தேவையே வராது.

பிரிப்பது எப்படி? நாம் காசு கொடுத்து வாங்க மாட்டோம் என்று தோன்றுவதைக் கொடுக்கும் பக்கம் வைக்கவே வேண்டாம். உடுத்தக்கூடியவற்றைத் துவைத்து, பித்தான் தைத்து, நாடா கோத்து, ஆண், பெண், குழந்தை என்றும், குழந்தைகளுக்கு வயது வாரியாகவும் தனித்தனியாகக் கட்டுங்கள். சேலையோடு உள்பாவாடையும் இருந்தால்தான் அது ஓர் உடை. இல்லாவிட்டால் ஐந்தரை மீட்டர் துணி, அவ்வளவுதான். உள்ளாடைகளைப் பழசாக ஒருபோதும் கொடுக்கலாகாது. அவற்றைப் புதிதாகவே வாங்கிக் கொடுக்க வேண்டும், வெள்ளக் காலத்தில் மிகவும் தேவைப்படுவதும் யாருக்கும் நினைவுக்கு வராததும் அவைதாம். கிழிந்த பருத்தியை மெக்கானிக் கடைக்காரர் கைதுடைக்க வாங்கிக்கொள்வார். திருப்பூரில் பனியன் வேஸ்ட் என்று ஒரு பெரிய வியாபாரமே இதை நம்பி நடக்கிறது.

செருப்பு ஜோடியாக இருந்தால், அதையும் கயிற்றால் ஜோடியாகவே கட்டிக் கொடுக்க வேண்டும். மூட்டையில் பிரிந்துபோன ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது. மருந்து மாத்திரைகளைத் தானம் கொடுக்கவே கூடாது; ஆச்சே கதையை மேலே பார்த்தோம். மூக்குக்கண்ணாடிகளை அரிமா சங்கத்தார் பல ஊர்களில் சேகரிக்கிறார்கள். கெட்டுப்போன செல்பேசி, சார்ஜர், மிக்ஸி இவற்றைக் காயலான் கடைக்குப் போட்டால் செம்புக்காகக் கம்பியை எரித்து நச்சுப் புகையைக் கிளப்பிவிடுவார்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, கழிவை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்தந்தக் கம்பெனியின் விற்பனை நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மாற்றலாகிப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உத்தியோக நிமித்தம் மூன்று வருடத்துக்கொருமுறை ஊர் மாறும் நமக்கு, லாரி வாடகையைவிட விலை குறைந்த சாமான்கள் நிறையவே சேர்ந்துவிடுகின்றன. கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, கிரைண்டர், பிள்ளைகளின் சைக்கிள். கடைசி நாளில் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனால் அவர் மொட்டைமாடியில் போடுவார், மழையில் மக்கும். ஒரு மாதம் முன்பே தெரியப்படுத்தினால் புதிதாக இங்கே குடிவரும் நம் குடும்பம் ஒன்றுக்கு அது அப்படியே உதவும். பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்து வராந்தாவில் நாள்கணக்கில் தங்குபவர்களுக்கும் வாளி, பாய், போர்வை, டிபன் கேரியர் எல்லாம் வேண்டியிருக்கிறது. இவற்றை யாரிடம், எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று முதலில் போய்க் கேட்டுவிட்டு, பிறகு கொண்டுபோக வேண்டும்.

புத்தகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு என்பது நமக்குத் தெரியும். உடனே தமிழ்நாட்டுப் பாடநூல்களைக் கட்டி அனுப்பத் தோன்றும். ஆந்திர மாநிலப் பாடத்திட்டம் வேறு. அந்தப் பாடநூல்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாது. கதைப் புத்தகம், படக்கதை, அகராதி, சிறுவர் இதழ்களின் பழைய தொகுப்பு ஆகியவற்றுக்கு மாநில எல்லை கிடையாது. தமிழில் படிக்க வகுப்பறைக்கு வெளியே எதுவும் கிடைக்காத பிள்ளைக்கு, பக்கம் கிழியாத ஒரு பழைய கதைப் புத்தகம் பெரிய சொத்து. நம் வீடுகளில் பரண் மேல் கரையானுக்குக் காத்திருக்கும் புத்தகங்கள் எத்தனை!

சில ஊர்களில் 'அன்புச் சுவர்' என்று ஓர் ஏற்பாடு வந்தது. ஈரான் நாட்டின் மஷ்ஹத் நகரில் 2015-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு சுவரில் ஆணி அடித்து, வேண்டாதவர் மாட்டலாம், வேண்டியவர் எடுக்கலாம் என்று எழுதி வைத்ததில் தொடங்கியது. 2017-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் தினமும் ஒருவர் நின்று மடித்து அடுக்காத சுவர், ஒரே மாதத்தில் நாகப்பட்டினத்துச் சாலையோரம் ஆகிவிடும். ஆள் போட முடியாத இடத்தில் சுவர் வேண்டாம் என்பதே என் கட்சி.

புயல் வந்த பின் கடற்கரைக் குப்பங்களுக்கு உதவ நினைப்பவர்கள் முதல் வாரத்தில் துணி எதுவும் அனுப்பாமல் இருப்பதே நல்லது. அப்போது வேண்டியது குடிநீரும் சமைத்த உணவும்தான். இரண்டாம் வாரம் அங்குள்ள பஞ்சாயத்தாரையோ பெண்கள் சுயஉதவிக் குழுவையோ கேட்டால், எத்தனை பேருக்கு என்ன வேண்டும் என்று கணக்காகச் சொல்வார்கள். பெரும்பாலும் வலை, பாய், அடுப்பு, பள்ளிப்பை என்றுதான் பட்டியல் வரும். துணி கேட்டால், புதிதாக லுங்கியும் துண்டும் நைட்டியும் இங்கேயே மொத்த விலையில் வாங்கலாம். நகரி, புத்தூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரருக்கும் நாலு காசு போகும். நம் பழந்துணி மூட்டைகள் அதற்கும் பிறகு, அவர்கள் வேண்டும் என்று சொன்னால் மட்டும்.

அப்படிப் போகும்போது ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னது, இத்தனை, இந்த வயதுக்கு என்று இருந்தால், வாங்குகிற இடத்தில் மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டியதில்லை. "பெண் குழந்தை, 6 வயது, பருத்தி, கவுன் 4." இவ்வளவு போதும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு என்றாலும், கிராமச் செயலகத்தில் பிரித்துக் கொடுப்பவர்களுக்காகச் சீட்டைத் தெலுங்கில் எழுதுவது நல்லது. நம் வீடுகளில் அந்த எழுத்து பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத்தான் வரும். அவர்களையே உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்.